நம் வீட்டுக் கைவேலை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் நாட்டியமும் நாடகமும் திரைக்குப் பின்னே காத்திருக்கும் மாலையில், கைவேலையைப் பற்றிச் சில சொல்லுமாறு செயற்குழுவினர் பணித்திருக்கின்றனர். கைவேலையைச் செய்தால் போதாதோ, அதைப் பற்றிப் பேச்சு எதற்கு என்று கேட்பவர் இருக்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் செய்வது குறைந்துவரும் காலத்தில் சிறிது பேச்சும் வேண்டியிருக்கிறது. வீட்டில் கையால் செய்யத்தக்க பொருள்கள் எத்தனையோ உள்ளன. எனினும் இன்னும் சில வாரங்களில் நவராத்திரி வரவிருப்பதால், கொலுவை நடுவில் வைத்துக்கொண்டே பேச எண்ணுகிறோம்.

அரசாங்க அலுவலின் பொருட்டுத் தில்லிக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் கொலு வைத்த வகையை நம்முள் மூத்தவர்கள் அறிவார்கள். குவார்ட்டர்ஸ் வீட்டுக் கூடத்தின் ஒரு மூலைதான் கொலு மண்டபம். படி என்று தனியே எதுவும் கிடையாது. ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய தகரப் பெட்டிகள் மேற்படி ஆகும். அரிசி டின்களின்மேல் கிடத்திய பலகை நடுப்படி ஆகும். பிள்ளைகளின் பாடப்புத்தகக் கட்டுகள் கீழ்ப்படி ஆகும். (சரஸ்வதி பூசையன்று புத்தகத்தைத் தொடலாகாது என்னும் விதியை ஒன்பது நாளுக்கும் நீட்டிக்கொள்ளப் பிள்ளைகளுக்கு இஃது ஒரு நல்வாய்ப்பு.) எண்ணிக்கை மூன்றோ ஐந்தோ ஏழோ ஒன்பதோ, ஒற்றைப்படையாய் இருக்க வேண்டும். பலகை ஆடாதிருக்கச் சந்துகளில் மடித்த காகிதம் செருகி, மேலே வெள்ளை வேட்டியை விரித்து, ஓரங்களைக் குண்டூசியால் இறுக்கிவிட்டால், உள்ளே இருப்பது அரிசி டின் என்று யாரும் சொல்லமாட்டார்கள். விசயதசமி இரவு ஒரு பொம்மையைச் சாய்த்துப் படுக்கவைப்பார்கள். மறுநாள், பத்து நாள் படியாக இருந்தது மீண்டும் அரிசி டின்னாகவும் தகரப் பெட்டியாகவும் தத்தம் தொழிலுக்குத் திரும்பிவிடும்.

பொம்மைகள் ஊரிலிருந்து வந்தவை. 1976ஆம் ஆண்டில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்குவதற்கு முன்னர், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் பயணம் செய்து, வைக்கோலும் பழம்புடைவையும் சுற்றிய மரப்பெட்டியில் அவை வந்து சேரும். எவ்வளவு பத்திரமாய்க் கட்டினாலும் கிருஷ்ணனுக்கு ஒரு கையோ கிளிக்கு ஒரு மூக்கோ வழியில் போய்விடும். மைதாப் பசையும் கந்தல் துணியும் கொண்டு அக்கையை ஒட்டியதுதான் பல வீடுகளில் குழந்தைகள் கண்ட முதற் கைவேலை. ஒட்டிய இடம் தெரியாதிருக்கச் சாயம் பூசுவது அக்காவின் பொறுப்பு. மூக்குப் போன கிளியை மரத்தின் பின்னால் மறைத்து நிறுத்துவது தம்பியின் யோசனை.

இன்று இரும்புப் படிகள் மடித்து வைக்கத்தக்கனவாய்க் கிடைக்கின்றன. பொம்மையும் அவ்வாறே, கைப்பேசியில் விரல் பட்டால் சில நாளில் வாயிலுக்கு வந்துவிடுகிறது. இதைக் குறைகூற வந்தோமில்லை. மதுரையை அடுத்த விளாச்சேரியிலும், பண்ருட்டியிலும், காஞ்சிபுரத்திலும் பொம்மை செய்தே பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. நாம் வாங்குவதை நிறுத்தினால் அவர்கள் அடுப்பு எரியாது. ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மையேனும் சேர்க்கும் வழக்கம் நிலைபெறுக. ஆனால் படியும் வாங்கியது, பொம்மையும் வாங்கியது, தோரணமும் பூவும் பூங்காவும் பெட்டியோடு வாங்கியவை என்றால், அக்கொலுவில் வீட்டாருக்கு உரிய வேலை யாது? அடுக்குவதும் படம் எடுப்பதுமே அன்றோ? நம் கவலை அங்கேதான் தொடங்குகிறது. அது பொம்மையைப் பற்றிய கவலை அன்று. தமிழைப் பற்றிய கவலை.

இதைச் சற்று விளக்க வேண்டும். நம் குழந்தைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்கு வருகிறார்கள். உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் எழுதுகிறார்கள். மேடையில் ஏறிக் குறளை ஒப்புவிக்கிறார்கள், கேட்க மகிழ்ச்சியாயிருக்கிறது. ஆனால் அதே குழந்தையிடம் ஈரத்துணியைக் கொடுத்து, “பிழி” என்று சொல்லிப் பாருங்கள். பலர் விழிப்பார்கள். காகிதத்தால் ஒரு பொம்மை செய்து முடிப்பதற்குள் என்னென்ன வினைகள் நேர்கின்றன என்று எண்ணிப் பார்த்தோம்: கிழி, நனை, ஊறவை, பிழி, அரை, பிசை, குழை, உருட்டு, தட்டு, நீவு, ஒட்டு, உலர்த்து, தேய். பதின்மூன்று வினைகள்! இவற்றுள் எத்தனை பாடப்புத்தகத்தில் வருகின்றன? வந்தாலும் படித்தறியத்தக்கன எத்தனை? ‘நீவு’ என்பதற்கும் ‘தேய்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டல் அரிது. பாட்டி குழந்தையின் விரலைப் பிடித்து ஈரக் கூழின்மேல் ஒருமுறை வைத்து இழுத்தால் போதும்; ஆயுளுக்கும் மறவாது. ‘பதம்’ என்னும் சொல் ஒன்று போதாதா? மாவுக்குப் பதம், பாகுக்குப் பதம், களிமண்ணுக்குப் பதம். அகராதி அதற்கு ஏதோ பொருள் கூறும். விரல் நுனிதான் உண்மைப் பொருள் கூறும்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இஃது இருமடங்கு முக்கியம். பள்ளியிலும் தெருவிலும் கடையிலும் இந்தியும் ஆங்கிலமும் ஆளுகின்றன. வீட்டில் தமிழ் எஞ்சியிருப்பது பெரும்பாலும் ‘சாப்பிடு, குளி, தூங்கு, படி’ என்னும் கட்டளைகளாகத்தான். கட்டளை இடாமல், கண்டிக்காமல், ஒரு வேலையின் பொருட்டுத் தாயும் மகனும் ஒருமணி நேரம் தொடர்ந்து தமிழில் பேசிக்கொள்ளும் வாய்ப்பு வாரத்தில் எத்தனை முறை வருகிறது? பாட்டி ‘கூழ்’ என்பார். பேரன் ‘லுக்தி’ என்பான். இருவரும் ஒரே வாளியில் கைவிட்டால் இரண்டு சொல்லும் இருவர்க்கும் உரியனவாகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மூத்தோர் சிலர் முதுமையில் பிள்ளைகளுடன் வாழப் பெங்களூருக்கோ அயல்நாட்டுக்கோ செல்கிறார்கள். போகும்போது ஐம்பது ஆண்டுப் பொம்மைப் பெட்டியை யாரிடமாவது கொடுத்துச் செல்கிறார்கள். பெறுவோரும் மகிழ்வோடு பெறுகிறார்கள். ஆனால் அவர் கையில் இருந்த வித்தை, காகிதத் தாமரை மடிக்கும் விதமும் மரப்பாச்சிக்குப் பட்டுத்துணியை மடிப்புக் கலையாமல் உடுத்தும் விதமும், எந்தப் பெட்டியில் போகும்? அவர் இங்கே இருக்கும்போதே யாரேனும் அருகில் அமர்ந்து கற்றிருந்தாலன்றி, அஃது அவரோடு விமானம் ஏறிவிடும்.

இனி, நாம் வாழும் இந்த ஊரையும் சற்று நோக்குவோம். கொலு நமக்கே உரியது என்று எண்ணிக்கொண்டிருக்கும் அதே நாள்களில், தில்லி முழுவதும் கைகள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. மேற்குத் தில்லியில் தாகூர் கார்டனை அடுத்த திதார்பூரில் சாலையோரம் எங்கும் இராவணன். மூங்கிலைப் பிளந்து கூடு கட்டி, பழம்புடைவையைச் சுற்றி, அதன்மேல் காகிதம் ஒட்டி, மீசை எழுதி வரிசையாய் வைத்திருப்பார்கள். தலைகளை எண்ண முற்பட்டால் பத்துப் பத்தாகவே எண்ண வேண்டும்! தெற்கே சித்தரஞ்சன் பார்க்கில் வங்காளத்துச் சிற்பிகள் மூங்கில் சட்டத்தில் வைக்கோலை இறுகக் கட்டி, உமியும் நாரும் கலந்த களிமண்ணை முதலில் அப்பி, பின்னர் நுண்மண் பூசித் துர்க்கையை எழுப்புகிறார்கள். மண் வெடிக்காதிருக்க உமி என்னும் அவ்வொரு நுட்பத்தை மட்டும் நாம் அவர்களிடம் கற்றுக்கொண்டாலும் நம் வீட்டு மண்பொம்மைகள் பாதி பிழைத்துவிடும்.

இவற்றினும் நம் மனத்தைக் கவர்வது சாஞ்சி. ஹரியானாவிலும் தில்லியைச் சூழ்ந்த பழைய கிராமங்களிலும், நவராத்திரி நாள்களில் சிறுமியர் களிமண்ணை விண்மீன்களாகவும் பிறையாகவும் சிறுசிறு வில்லைகளாகவும் கிள்ளி உலர்த்தி, வெள்ளையும் வண்ணமும் தீட்டி, சாணத்தைப் பூசிய சுவரில் ஒவ்வொன்றாய்ப் பதித்து ஒரு தேவியின் உருவத்தை அமைக்கிறார்கள். மாலைதோறும் அதன் முன்னே கூடிப் பாடுகிறார்கள். தசராவன்று அதைச் சுவரிலிருந்து பெயர்த்து, துளையிட்ட பானையில் விளக்கோடு வைத்துக் குளத்தில் விடுகிறார்கள். கடையில் வாங்கியது ஏதும் இல்லை. சிற்பி என்று தனியாள் யாரும் இல்லை. ஒரு தெருச் சிறுமியரின் கைகளே எல்லாம். அவ்வாறு சாஞ்சி வைத்து வளர்ந்த பெண்மணிகள் இன்று நம் கீழ்வீட்டிலும் எதிர்வீட்டிலும் வாழ்கிறார்கள். ஒன்பது நாளும் சுண்டல் கொடுத்தனுப்புகிறோம். வெற்றிலை பாக்கும் குங்குமமும் கொடுக்கிறோம். அவர்கள் கையால் ஒரு மண் விண்மீன் செய்து தரும்படி கேட்டு, அதை நம் கடைசிப் படியில் வைத்தால் அதனினும் பெருமை அவர்களுக்கு வேறு என்ன வேண்டும்? நம் குழந்தை அவர்கள் வீட்டில் ஒருநாள் மண் கிள்ளி வந்தால் நமக்குத்தான் குறை என்ன?

இனி நம் வாளிக்கு வருவோம். காகிதக் கூழைத்தான் நாம் முதலில் பரிந்துரைக்கிறோம். காரணம் எளியது. காகிதம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. மாற்றலாகிச் செல்லும் குடும்பத்துக்குக் கனமில்லாப் பொம்மை வேண்டும். கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. பாரிஸ் சாந்தைத் தவிர்ப்பது நலம். 2020ஆம் ஆண்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட நெறிமுறைகள் நீரில் கரைக்கும் சிலைகளுக்குப் பாரிஸ் சாந்தையும் தெர்மோகோலையும் விலக்கியிருக்கின்றன. கொலுப் பொம்மையை நாம் கரைப்பதில்லை என்றாலும், உடைந்தபின் அது மண்ணோடு சேராமல் கிடக்கும் என்பதை எண்ண வேண்டும்.

செய்தித்தாளையே எடுக்க வேண்டும். பளபளக்கும் வாரப் பதிப்புத் தாள் எளிதில் கரையாது. கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிக்க வேண்டும். கிழிந்த ஓரத்தில்தான் நார் வெளிப்பட்டு நீரை உறிஞ்சும். கொதிநீர் ஊற்றி ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் உரலிலோ வாளியிலோ குத்திக் குழைக்க வேண்டும். சமையல் மிக்சியை இதற்கு எடுக்க வேண்டா; அச்சுமை சட்னியில் சேர்வது நன்றன்று. பழந்துணியில் கட்டிப் பிழிந்தால் மென்மையான கூழ் கிடைக்கும். அதனோடு, ஊறவைத்து அரைத்த வெந்தய விழுதும், காய்ச்சிய மைதாப் பசையும், கொஞ்சம் முல்தானி மண்ணும் சேர்த்துப் பிசைய வேண்டும். முல்தானி மண் இந்நாட்டார் முகத்தில் பூசுவதற்கென எந்த மளிகைக் கடையிலும் வைத்திருப்பார்கள். சப்பாத்தி மாவினும் சற்று இளகிய பதம் சரியான பதம். பூச்சி அரிக்காமல் இருக்க அக்காலத்தில் புத்தகம் கட்டுவோர் பசையில் சிறிது மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, குழந்தைகள் கைவிடும் வாளியில் அது வேண்டவே வேண்டா. நன்றாய் உலர்த்தி வண்ணம் பூசினால் அதற்குத் தேவையும் இராது.

புதியவர் பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. கூழையே பெரிய உருண்டையாய் உருட்டிப் பொம்மை செய்துவிடுவார்கள். மேலே உலர்ந்து உள்ளே ஈரம் நின்று, ஐந்தாம் நாள் பூஞ்சணம் பூத்துவிடும். ஆகவே முதலில் கசக்கிய காகிதத்தை நூலால் கட்டி உடலும் தலையும் அமைத்துக்கொண்டு, அதன்மேல் கூழை மெல்லிதாக அப்பி, அது உலர்ந்தபின் மறுபூச்சு இட வேண்டும். நிழலில் உலர்த்துக. தில்லியில் செப்டம்பர் இறுதியில்தான் பருவமழை விலகும். அதற்கு முன் காற்றில் ஈரம் இருப்பதால் மூன்று நான்கு நாளில் உலர வேண்டியது ஒரு வாரம் கேட்கும். உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த வெள்ளையை ஒருமுறை பூசி, பின்னர் வண்ணம் தீட்டலாம். காஷ்மீரத்துக் காகிதக்கூழ்க் கலையில் உருவை அமைப்போர் ஒரு சாரார், ஓவியம் தீட்டுவோர் வேறொரு சாரார். நமக்கும் அது பொருந்தும். உருட்டத் தெரிந்த வீடு உருட்டட்டும். கண் எழுதத் தெரிந்த வீடு எழுதட்டும். எல்லாம் தெரிந்த வீடு ஏதும் இல்லை.

முதற் பொம்மை அழகாய் வாராது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அப்படி முடிந்தால் அதற்கும் இராமர் செட்டில் இடமுண்டு! வாங்கிய பொம்மைகளுக்கு நடுவே அதை ஒளித்து வைக்க வேண்டா என்பதே நம் வேண்டுகோள்.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குத் தலையாட்டிப் பொம்மை ஏற்றது. தஞ்சாவூர்ப் பொம்மையைத் தள்ளினால் சாய்ந்து மீண்டும் எழும் என்பது எல்லார்க்கும் தெரியும்; ஏன் எழுகிறது என்பதைச் செய்து பார்த்தவரே நன்கு அறிவர். தேங்காய் உடைத்தபின் கண் இல்லாத பாதி ஓட்டை எடுத்து, வெளிப்புறத்தை வழவழப்பாகத் தேய்த்து, அடியில் மட்டும் களிமண்ணை அழுத்தி உலரவிடுங்கள். மேலே மெல்லிய அட்டையைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டி, முகம் எழுதுங்கள். தள்ளினால் எழ வேண்டும். எழவில்லையா? மேற்பாகம் கனத்துவிட்டது என்று பொருள். கூம்பின் உயரத்தைக் குறையுங்கள், அல்லது களிமண்ணில் நாலு இரும்புக் குண்டுகளைப் புதையுங்கள். கனத்தின் மையம் தாழ்ந்து, ஓட்டின் வளைவுக்குரிய மையத்துக்குக் கீழே நின்றால், சாய்க்கும்போது அக்கனம் மேலே உயர நேரிடும், உயர்ந்தது கீழே வரத் துடிக்கும், பொம்மை நிமிரும். மேல்வகுப்புப் பிள்ளை இதைப் பாடமாய்ப் படித்திருப்பான். கையால் அவன் இதைச் செய்து, தன் தங்கைக்குத் தமிழில் விளக்க முற்படும்போதுதான் அவனுக்கே அது விளங்கும்.

கொலுவின் அடியில் அமைக்கும் பூங்காவைப் பற்றி மிகுதியாய்ச் சொல்ல வேண்டுவதில்லை. தட்டில் மண் பரப்பிக் கடுகோ வெந்தயமோ கேழ்வரகோ ஐந்தாறு நாள் முன்னதாகத் தூவினால் வயல், பழைய கண்ணாடி குளம், தீப்பெட்டி வீடு. இதில் குழந்தைகளுக்கு நாம் கற்பிப்பதினும் அவர்கள் நமக்குக் கற்பிப்பதே மிகுதி. இக்காலப் பூங்காவில் மெட்ரோ ரயில் ஓடாவிட்டால் அவர்கள் ஒப்புவதில்லை.

கொலு இல்லாத வீட்டாரும் நம்முள் இருக்கின்றனர். கிறிஸ்துமஸ் குடிலுக்கு மலை வேண்டும், கொட்டில் வேண்டும், ஆட்டுக்குட்டிகள் வேண்டும். வாளிக் கூழுக்குச் சமயம் இல்லை. செப்டம்பரில் கற்றது டிசம்பரிலும் உதவும்.

செய்முறை இவ்வளவு போதும். அதைப் பகிர்வதில்தான் சிக்கல் இருக்கிறது. ஒயர்க் கூடை பின்னிய காலத்தை நினைவுகூர்வோம். பிற்பகலில் இரண்டு மூன்று பெண்மணிகள் கூடி அமர்வார்கள். ஒருவருக்குச் சாதா முடிச்சுத்தான் வரும். ஒருவருக்கு நெல்லிக்காய் முடிச்சு. ஒருவருக்குச் சிவன் கண். கூடையில் கடினமானது அடி போடுவது. ஆகவே தெரிந்தவர் அடி போட்டுக் கொடுப்பார். தெரியாதவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரைப் பின்னுவார். கைப்பிடி வரும்போது மீண்டும் கொண்டுவருவார். அவ்வாறு ஒரு கூடையில் இருவர் கை இருக்கும். யாருடைய கூடை என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று. இப்போது விழாக்களில் கொலுப் போட்டி நடக்கிறது. சிறந்த கொலுவுக்குப் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதற் பரிசு. ஊக்குவிக்கும் நல்லெண்ணம் அதில் இருப்பதை மறுப்பார் இலர். ஆனால் பரிசு என்று வந்ததும் செய்முறை இரகசியம் ஆகிவிடுகிறது. நடுவர் வரும்வரை அறைக்கதவு சாத்தியிருக்கிறது. பணம் உள்ளவர் ஏழு படியும் புதிதாய் வாங்குகிறார். குரங்காய் முடிந்த பிள்ளையார் அலமாரிக்குள் போய்விடுகிறார்.

பள்ளிகளில் ‘ப்ராஜெக்ட்’ என்று ஒன்று கொடுக்கிறார்களே, அதன் கதையும் இதுவே. எரிமலை வேண்டும் என்பார் ஆசிரியர். இரவு பதினொரு மணிக்குத் தகப்பனார் தெர்மோகோல் அறுத்துக்கொண்டிருப்பார், பிள்ளை உறங்கிக்கொண்டிருக்கும். மதிப்பெண் பிள்ளைக்கு, முதுகுவலி தகப்பனாருக்கு. இன்னும் வசதி வேண்டுவோர்க்கு, செய்து முடித்த எரிமலையே எழுதுபொருள் கடையில் விலைக்குக் கிடைக்கிறது.

இதற்கு நேர்மாறான ஒருவரின் பணியை இங்கே குறிப்பிட வேண்டும். அரவிந்த் குப்தா உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்றவர். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் கிராமப் பள்ளிகளுக்கென 1972ஆம் ஆண்டில் தொடங்கிய அறிவியற் கல்வித் திட்டத்தில் அவர் பின்னர்ச் சேர்ந்து உழைத்தார். அங்கே உருவானவை அவருடைய தீக்குச்சி மாதிரிகள். சைக்கிள் வால்வுக் குழாயைச் சிறு துண்டுகளாய் நறுக்கி, இரு முனையிலும் தீக்குச்சியைச் செருகினால் மூட்டு அமையும். மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்தால் அசையாது நிற்கும். நான்கு குச்சிகளால் சதுரம் செய்தால் அமுக்கியதும் சாய்ந்துவிடும். பாலத்திலும் கூரைச் சட்டத்திலும் முக்கோணங்கள் இருப்பது ஏன் என்பது அரை நிமிடத்தில் குழந்தைக்கு விளங்கிவிடுகிறது. குப்பையிலிருந்து செய்யும் இத்தகைய பொம்மைகளுக்காக அவருக்கு 2018ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. நாம் அவரைக் குறிப்பிடுவது விருதுக்காக அன்று. தம் செய்முறைகளையெல்லாம் எவர் வேண்டுமாயினும் எடுத்துக்கொள்க என்று இணையத்தில் விலையின்றித் திறந்து வைத்துவிட்டார். அவர் நூல்கள் தமிழிலும் வந்துள்ளன. பொம்மையை அளித்தவர் பலர். செய்யும் வழியை அளித்தவர் சிலர்.

ஆகவே செயற்குழுவின் முன்னும் உங்கள் முன்னும் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். இவ்வாண்டு போட்டியை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. பரிசு பெற்று மகிழ்வோர் மகிழட்டும். அதனோடு, மகாளய அமாவாசைக்கு மூன்று வாரம் முன்னதாக வரும் ஞாயிற்றுக்கிழமையைக் கைவேலை நாளாக ஒதுக்குங்கள். இந்த மன்றத்திலேயே பாயை விரித்துக் கூடி அமர்வோம். குருகிராமிலும் நொய்டாவிலும் வாடகை அறையில் தனியே வாழும் நம் இளைஞர்களுக்குக் கொலு வைக்க இடமில்லை. ஆனால் இரண்டு கைகள் இருக்கின்றன. அவர்கள் வரட்டும். கை நடுங்கும் முதியோர் செய்ய வேண்டா; அருகில் அமர்ந்து சொல்லட்டும், குழந்தைகள் செய்யட்டும். சாஞ்சி அறிந்த அண்டை வீட்டுப் பெண்மணிகளையும் உரிமையோடு அழைத்து வாருங்கள். அன்று செய்யும் பொம்மைகளைச் சங்கக் கொலுவில் ஒரு படி முழுவதும் வைப்போம். ஒவ்வொன்றின் அருகிலும், யார் யார் செய்தார்கள், எவ்வாறு செய்தார்கள் என்று தமிழில் எழுதிய சிறு சீட்டு இருக்கட்டும்.

கருவி அலமாரி ஒன்றும் வேண்டும். துளையிடும் கருவி, சிறு ரம்பம், சுத்தியல், குறடு, அரம், பசைத் துப்பாக்கி முதலியவற்றை ஒவ்வொரு வீடும் வாங்கி, ஆண்டுக்குப் பத்து நிமிடம் பயன்படுத்தி, பரணில் துருப்பிடிக்க விடுவானேன்? சங்க நூலகத்தின் பக்கத்தில் ஓர் அலமாரியும் ஒரு பதிவேடும் போதும். எடுத்தவர் திருப்பித் தருவார்களா என்னும் ஐயம் சிலர்க்கு எழுந்திருப்பதை அவர்கள் முகமே காட்டுகிறது. நூலகத்திலிருந்து போய்த் திரும்பாத நாவல்களும் பல உண்டு. அதற்காக நூலகத்தை நாம் மூடிவிடவில்லை.

அந்த ஞாயிறன்று காலை ஒன்பது மணிக்கு வரும்போது, ஒரு வாரத்துச் செய்தித்தாளை முதல்நாள் இரவே கிழித்து ஊறவைத்துக் கொண்டுவருக. ஒரு வாளி, ஒரு பழந்துணி, கண் இல்லாத தேங்காய் ஓட்டுப் பாதி, நூற்கண்டு ஆகியனவும் வேண்டும். பிசைந்த களிமண்ணை உத்தம் நகர்க் குயவர் குடியிருப்பிலிருந்து வாங்கி வரவும், வெந்தயமும் முல்தானி மண்ணும் சங்கச் செலவில் வாங்கவும் ஏற்பாடு செய்வோம். நல்ல உடை உடுத்தி வர வேண்டா. பகலுணவு தயிர்சாதமும் எலுமிச்சைச் சாதமும். கை கழுவ வாயிலருகே சோப்பும் தண்ணீரும் வைத்திருக்கும்.